பட்டாணிச் செடியும் தீக்குச்சியும்

திருச்சிராப்பள்ளியில் 1905-ஆம் ஆண்டு நடந்த ஒரு வியாபாரத்தைச் சொல்லித் தொடங்குவோம். டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகச் சென்று சலனப்படம் காட்டி வந்தார். திருச்சிக்கு வந்த இடத்தில் நோயுற்றார். கருவியை விற்றுவிட்டுத் தாயகம் திரும்ப விரும்பினார். அதை வாங்க முன்வந்தவர் செல்வந்தர் அல்லர். தென்னிந்திய ரயில்வேயில் மாதம் 25 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற 22 வயது இளைஞர். விலை ஏறக்குறைய 2,000 ரூபாய். வகுத்துப் பாருங்கள், ஆறரை ஆண்டுச் சம்பளம்!

ரயில்வே வேலையை விட்டுவிட்டு அவர் கூடாரத்துடன் புறப்பட்டார். இயேசுநாதர் வரலாறு முதலிய சிறு படங்களை ஊர் ஊராகக் காட்டினார். 1914-இல் கோயம்புத்தூரில் ‘வெரைட்டி ஹால்’ என்ற நிலையான அரங்கையும் கட்டினார். இன்று குறும்பட விழா என்று நாம் சொல்வதை அன்று ஒரு தனி மனிதர் மூட்டை கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கருவிக்குள் இருந்தது என்ன? அசையாத படங்கள்தாம். வினாடிக்கு ஏறக்குறைய 16 படங்கள் திரையில் விழுகின்றன. ஒரு படம் மறைந்து அடுத்தது வரும் இடைவெளியில் ஒளி மறைக்கப்படுகிறது. விழித்திரையில் முந்தைய படம் சற்று நேரம் தங்குவதால்தான் அசைவு தெரிகிறது என்று பழைய பாடநூல்கள் கூறும். அது முழு விளக்கமாகாது. முன் படம் அப்படியே தங்கினால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கலங்கித்தானே தெரிய வேண்டும்? அருகருகே உள்ள இரண்டு கோடுகளைத் தக்க இடைவெளியில் மாறி மாறிக் காட்டினால், ஒரே கோடு இடம் பெயர்வதாக மனம் கொள்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் வெர்தைமர் 1912-இல் வெளியிட்டார். இல்லாத அசைவை உண்டாக்குவது மூளையே.

அதே 1912-இல் பம்பாயில் தாதாசாகேப் பால்கே ஒரு பட்டாணி விதையை மண்ணில் ஊன்றிக் காமிராவை அதன் முன் நிறுத்தினார். செடி வளர வளர, இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாகப் படம் எடுத்தார். பல நாள் வளர்ச்சி திரையில் சில நொடிகளில் நடந்தேறியது. இதைக் காட்டித்தான் முதல் படத்துக்குக் கடன் பெற்றார். 1913-இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளிவந்தது.

மறு ஆண்டே உலகப் போர் மூண்டது. கச்சாப் படச்சுருள் முழுவதும் கடல் கடந்து வர வேண்டிய பொருள். முதலீடு செய்தவர்களும் கையை இழுத்துக்கொண்டார்கள். பெரும் படங்களுக்கு வழியில்லாத அந்த நிலையில் 1915-இல் பால்கே எடுத்த குறும்படங்களில் ஒன்று ‘அகாட்யாஞ்சி மௌஜ்’, அதாவது தீக்குச்சிகளின் விளையாட்டு. நடிகர், உடை, அரண்மனை எதுவும் வேண்டாம். குச்சிகளை அடுக்கு, ஒரு படம் எடு, சற்றே நகர்த்து, இன்னொன்று எடு. (சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்காத காலம், குச்சியும் பெரும்பாலும் இறக்குமதிதான்!)

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 35 மில்லிமீட்டர்ச் சுருளில் ஓர் அடிக்கு 16 படங்கள். எனவே ஒரு நிமிடக் காட்சிக்கு 960 படங்கள், 60 அடிச் சுருள். நடிகரை வைத்து எடுத்தால் ஒரே காட்சியை இரண்டு மூன்று முறை எடுக்க நேரும். தீக்குச்சி வசனம் மறப்பதில்லை. ஒவ்வொரு படத்தையும் திட்டமிட்டே எடுப்பதால் சுருள் வீணாவது மிகக் குறைவு. செலவாவது பொறுமையும் நேரமும். பஞ்ச காலத்துக்கு ஏற்ற கலை என்றால் இதுவே. அந்தப் படம் இன்று நமக்குக் கிடைக்காமற் போனது பேரிழப்பு.

இக்கலைக்கு உலகம் கொண்டாடும் நாள் அக்டோபர் 28. 1892-இல் அந்நாளில் பாரிஸில் ஒரு மெழுகுச் சிலைக் காட்சியகத்தில் எமில் ரெனோ கையால் தீட்டிய படங்களைத் திரையில் அசைய வைத்தார். லூமியேர் சகோதரர்களுக்கு மூன்று ஆண்டு முந்தியவர் அவர். 1900 வரை ஐந்து இலட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். பிறகு சினிமா வளர்ந்தது, அவரை மறந்தார்கள். மனம் உடைந்த அவர் தம் சுருள்களில் பெரும்பாலானவற்றை சேன் நதியில் எறிந்தார், இரண்டுதான் எஞ்சின.

பிரான்சின் அன்னெசி நகரில் 1960 முதல் அசைவூட்டப் படங்களுக்கெனவே விழா நடந்து வருகிறது. 2020-இல் கொரோனாவால் அரங்குகள் மூடிக் கிடந்தபோதும் விழா நிற்கவில்லை. இணையம் வழியாக நடந்தது. நடிகர் கூட்டம் கூடித் தீர வேண்டிய படப்பிடிப்பெல்லாம் முடங்கிய அந்நாட்களில், வீட்டு மேசையில் தனியாக உட்கார்ந்து படம் படமாக நகர்த்துபவருக்கு வேலை செய்யத் தடை குறைவு அல்லவா?

திருச்சியிலோ காவிரிக்கு அக்கரை ஸ்ரீரங்கத்திலோ இருக்கும் நீங்களும் வரும் அக்டோபர் 28-இல் ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டலாம். படத்துக்கு ஒரு பட்டாணி போதும். கைப்பேசியைச் செங்கல் அண்டக் கொடுத்து அசையாமல் நிறுத்துங்கள். மணிக்கு ஒரு படம் வீதம் பத்து நாள் எடுத்தால் 240 படங்கள். வினாடிக்கு 16 வீதம் ஓட்டினால் 15 வினாடி. இரவில் விழித்திருக்க முடியாதவர்கள் குறிப்பிட்ட நேரத்துக்கொரு முறை தானே படம் எடுக்கும் செயலியை அமைத்துக்கொள்ளலாம். வெயிலை நம்ப வேண்டாம். மேகம் கடக்கும்போதெல்லாம் படம் மினுக்கும். ஜன்னலைச் சாத்தி, ஒரே விளக்கைப் பகலும் இரவும் எரிய விடுங்கள். விதையை முதல் நாள் இரவே ஊறப்போட மறக்காதீர்கள்.