மனக்காயத்துக்கு முதலுதவி - ஒரு சிறு வரலாறு

ஒரு பேரிடர் நடந்தால் நிவாரணக் கணக்கில் என்னென்ன இருக்கும்? அரிசி, போர்வை, தார்ப்பாய், மருந்து... இப்படிப் பட்டியல் நீளும். அதில் மனம் உடைந்தவர்களுக்கென்று ஒரு வரி சேர ஏறக்குறைய நூறு வருடங்கள் ஆயின. அந்த வரி சேர்வதற்குள் உதவுகிறோம் என்று நினைத்தே ஒரு பெரிய தவறும் நடந்தது.

முதல் உலகப் போரில் இருந்து ஆரம்பிப்போம். 1915ல் சார்லஸ் மையர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், "ஷெல் ஷாக்" பற்றி லான்செட் இதழில் எழுதினார். குண்டு வெடித்த இடத்தில் இருந்த வீரர்களுக்குப் பெரிய காயம் இல்லை, ஆனால் பார்வை மங்கியது, ஞாபகம் போனது. இராணுவத்தில் பலர் இதைக் கோழைத்தனம் என்றே நினைத்தார்கள். அந்தப் போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சொந்த இராணுவத்தால் சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் 306 பேருக்கு பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது 2006ல் தான்! அவர்களில் ஷெல் ஷாக்கால் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு.

1942ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஓர் இரவு விடுதி தீப்பிடித்து 492 பேர் இறந்தார்கள். தப்பியவர்களையும் இறந்தவர்களின் உறவினர்களையும் கவனித்த எரிக் லிண்டெமான், துக்கத்தால் உடலும் மனமும் என்ன பாடுபடும் என்று 1944ல் விரிவாக எழுதினார். வியட்நாம் போருக்குப் பிறகு, 1980ல், "பி.டி.எஸ்.டி." என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது.

அடுத்து வந்தது தான் அந்தத் தவறு. 1983ல் ஜெஃப்ரி மிட்செல் என்பவர் தீயணைப்பு வீரர் போன்றோருக்காக "டீபிரீஃபிங்" என்ற முறையைச் சொன்னார். சம்பவம் நடந்த சில நாட்களுக்குள் உட்கார வைத்து, நடந்ததை எல்லாம் பேச வைப்பது. பேசினால் பாரம் குறையும் என்பது நியாயமாகத்தானே தெரிகிறது? அதனால் இது எல்லா இடங்களுக்கும் பரவியது. ஆனால் 1997ல் வெளியான ஓர் ஆய்வில், தீக்காயம் பட்டவர்களில் இப்படிப் பேச வைக்கப்பட்டவர்களுக்கு 13 மாதம் கழித்து பி.டி.எஸ்.டி. 26 சதவீதம், பேச வைக்கப்படாதவர்களுக்கு 9 சதவீதம் தான்! ஆறும் முன்பே புண்ணைக் கிளறினால் வேறென்ன ஆகும்?

2004 டிசம்பர் 26. சுனாமி. இலங்கையில் பல வெளிநாட்டு ஆலோசகர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களில் பலருக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. நாகப்பட்டினத்தில் உடல்களை மொத்தமாகப் புதைக்க வேண்டியிருந்தது. முறைப்படி காரியம் செய்யக்கூடப் பலருக்கு வாய்க்கவில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழகத்தில் வேறு வழியில் போனது. உள்ளூர்த் தொண்டர்களுக்கே பயிற்சி கொடுத்தது.

இந்த அனுபவங்களுக்குப் பிறகு, ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007ல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டன. அதில் உதவி ஒரு பிரமிடு போல நான்கு அடுக்காக இருக்கிறது. அடியில் எல்லோருக்கும் உணவு, தண்ணீர், பாதுகாப்பு. அதற்கு மேல் பிரிந்த குடும்பத்தைச் சேர்ப்பது, இறுதிச் சடங்கு, பள்ளிக்கூடம், பிழைப்பு. மூன்றாவதாக, பயிற்சி பெற்ற தொண்டர்களின் ஆறுதல். உச்சியில், சிலருக்கு மட்டும், மனநல மருத்துவர். ஒரே ஒரு முறை உட்கார வைத்துப் பேசச் சொல்லும் டீபிரீஃபிங் வேண்டாம் என்றும் அது தெளிவாகச் சொன்னது. 2011ல் வந்த "உளவியல் முதலுதவி" கையேடும், பக்கத்தில் இருங்கள், சொன்னால் கேளுங்கள், சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள் என்கிறது.

யோசித்துப் பார்த்தால், இழவு வீட்டுக்குப் போகும் நம் பாட்டிமார்கள் செய்வதும் இதுதான். எதுவும் கேட்க மாட்டார்கள். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவார்கள். அந்த வீட்டில் அன்று அடுப்பு எரியாது என்று தெரிந்து சாப்பாடு கொடுத்து அனுப்புவார்கள்...