தில்லி முற்றத்து முதுமரங்கள்

1911-இல் தில்லி தலைநகராக அறிவிக்கப்பெற்றது. அதன்பின் எழுந்த புதுநகரின் சாலையோரங்களில் வேம்பு, நாவல், மருதம் முதலியன நடப்பெற்றன. சங்கப் பாடல்களில் நமக்குப் பழக்கமான மரங்களே! குடியிருப்பு மனைகளிலும் வேம்பு வளர்ந்து முதிர்ந்தது.

சொந்த மனையிலுள்ள மரத்தையும் இசைவின்றி வெட்டலாகாது என்றது 1994-ஆம் ஆண்டுச் சட்டம். கோடரிக்குத் தடை வந்தாயிற்று, சிமெண்டுக்கு? முற்றம் தூய்மையாக விளங்கவேண்டுமென்று அடிமரம் வரை நாமே பூசினோம். நீரும் காற்றும் புகாத மண்ணில் வேர் நலியும்; ஒரு புயலில் முதுமரம் சாயும். தில்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டை அகற்றுமாறு 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நகராட்சி அமைப்புகளுக்கு ஆணையிட்டது. நம் முற்றத்து வேம்புக்கும் அதுவே மருந்து. அகற்றுகையில் கடப்பாரை வேரில் படலாகாது. மண்ணை மெல்லக் கிளறி, சருகு பரப்பி, நீர் விடுதல் நன்று.