கண்ணுக்குத் தெரியாத குளிசை: லாசப்பல் தமிழரின் இரத்தப் பரிசோதனையும் மருந்துகளின் தலையீடும்

பாரிஸின் கார் து நோர் நிலையத்திலிருந்து தமிழர் பகுதியான லாசப்பலை நோக்கி ஏறும் ஃபோபூர் சென் தெனி வீதியின் 200ஆம் இலக்கத்தில் ஃபெர்னான் விதாலின் பெயர் தாங்கிய மருத்துவமனை நிற்கிறது. பாரிஸ் நகரின் நச்சுத் தகவல் மையம் இயங்குவதும் அங்கேதான். அந்தப் பெயரைத் தமிழர் வேறு உச்சரிப்பில் நன்கு அறிவர்: யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் காய்ச்சல் நாட்கணக்கில் நீடித்தால் எழுதப்படும் ‘வைடால்’ பரிசோதனை அவருடையது. நெருப்புக் காய்ச்சல் கண்டவரின் இரத்தநீர் அதன் கிருமிகளைத் திரளச் செய்யும் என்பதை நோயறியும் முறையாக அவர் 1896இல் முன்வைத்தார். அதே ஆண்டிலேயே அந்நோய்க்கான தடுப்பூசி முயற்சிகளும் தொடங்கின. தடுப்பூசி போட்டவரிடம் நோயில்லாமலே சோதனை ‘உண்டு’ எனக் காட்டலாம். பிற்காலத்தில் நுண்ணுயிர்க்கொல்லிகள் வந்தபின், அவற்றை முன்கூட்டியே விழுங்கியவரிடம் எதிர்ப்பொருள் போதிய அளவு எழாமல், நோய் இருந்தும் ‘இல்லை’ எனக் காட்டவும் இடமுண்டானது. உடலுக்குள் முன்பு என்ன போனது என்று தெரியாமல் அந்த முடிவை வாசிக்க முடியாது.

வழக்கமான இரத்தப் பரிசோதனைகள் அனைத்துக்கும் இது பொருந்தும். மருந்து பரிசோதனையைப் பாதிக்குமா என்ற கேள்விக்கு வேதியியல் விடை நெடுங்காலமாகவே இருக்கிறது. 1972இல் டொனால்ட் யங்கும் உடனாய்வாளர்களும் ‘கிளினிக்கல் கெமிஸ்ட்ரி’ இதழில் வெளியிட்ட பட்டியல் மட்டுமே 250 பக்கங்களைத் தாண்டியது. லாசப்பலில் குறைவது அந்த அறிவன்று. எந்த மருந்து உட்கொள்ளப்பட்டது என்ற தகவல் ஆய்வுகூடத்தைச் சென்றடைவதில்லை. இக்கட்டுரையின் வாதம் அதுவே.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும். பிரெட்னிசொலோன் எடுப்பவருக்குச் சீனியும் வெள்ளையணுக்களும் கூடும். தயசைட் வகை பிரஷர்க் குளிசை யூரிக் அமிலத்தை உயர்த்தும், சோடியத்தையும் பொட்டாசியத்தையும் குறைக்கும். இவை உண்மையான மாற்றங்கள். கருவி பிழை செய்யவில்லை. மருந்து உடலைத்தான் மாற்றியிருக்கிறது. இவற்றையும் ‘தவறான முடிவு’ என்ற கணக்கில் சேர்ப்பது தீங்கானது. மெட்ஃபோர்மினை உதாரணமாகப் பார்ப்போம். நீரிழிவுக்கு அது உதவும் என்பதை 1957இல் வெளியிட்டவர் பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்தேர்ன். சீனி வருத்தம் உள்ள நம்மவர் பலரின் சமையலறை அலுமாரியில் இன்று அந்தக் குளிசை இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் எடுத்தால் வைட்டமின் பி12 குறையக்கூடும். மரக்கறி மட்டும் உண்பவருக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். கால் விறைத்தால் ‘சீனியால் வந்தது’ என்று அத்துடன் விட்டுவிடும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. குறைந்திருக்கும் பி12 இங்கே முக்கியமான ஒரு தடயம். அதை மருந்தின் குளறுபடி என்று ஒதுக்கினால் சிகிச்சையளிக்கக்கூடிய ஒரு குறைபாடு கவனிக்கப்படாமலே போகும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது பயோட்டின் என்ற வைட்டமின். உடலில் ஒன்றும் நேராமலே கருவியை அது ஏமாற்றிவிடும். தைரொயிட் சோதனைகள் பலவற்றில், பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும் தன்மையே அளவீட்டின் அடிப்படை. நோயாளியின் இரத்தத்தில் மிதமிஞ்சிய பயோட்டின் இருந்தால் அதுவே அந்தப் பிடிமானங்களை நிரப்பிவிடும். அதனால் தைரொயிட்டைத் தூண்டும் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும், எதிர்மாறான முறையில் அளக்கப்படும், தைரொயிட் சுரக்கும் டி4 பொய்யாக உயர்ந்தும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவருக்குத் தைரொயிட் மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயின் படம் அப்படியே கண்முன் நிற்கும். ஆளோ முழுச் சுகமாக இருப்பார்.

பிரான்சுக்கு இது நேரடி அனுபவம். பாரிஸைத் தளமாகக் கொண்ட மெட்டே நிறுவனம், முற்றிவரும் பல்திசு இறுகல் (மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ்) நோய்க்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் பயோட்டினைப் பரிசோதித்தது. வளர்ந்தவர் ஒருவருக்குப் போதுமென ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு கொள்ளும் அளவு 40 மைக்ரோகிராம். அதைவிட ஏழாயிரம் மடங்குக்கும் மேலானது அந்த அளவு. நம்பிக்கை தந்த முதற்கட்ட முடிவுகள் 2020இல் வெளியான பெரிய ஆய்வில் உறுதிப்படவில்லை. ஆனால் இவ்வளவு பயோட்டின் சோதனைகளைக் குழப்பும் என்று ஆய்வுகூடங்கள் பெற்ற பாடம் எஞ்சியது. 2017 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பொது எச்சரிக்கை விடுத்தது: பயோட்டின் எடுத்த ஒருவருக்கு, மாரடைப்பை அறிய உதவும் ட்ரோபோனின் பொய்யாகக் குறைந்து காட்டப்பட்டிருந்தது, அவர் இறந்துபோனார். பின்னர் உற்பத்தியாளர் பலர் தங்கள் வினைபொருள்களைத் திருத்தினர். ஆனாலும் முடி கொட்டுவதற்கென்று 5, 10 மில்லிகிராம் பயோட்டின் இன்றும் தாராளமாக விற்பனையாகிறது. தைரொயிட் சோதனைக்கு முன் குறைந்தது இரண்டு நாட்களாவது அதை நிறுத்தச் சொல்வது வழக்கம். முடிக்கான அந்தக் குளிசையை ஆய்வுகூட முகப்பில் யார் சொல்லப்போகிறார்கள்? அதைக் கேட்பதற்கும் ஆளில்லை.

இந்த இரண்டு வகைகளில் எளிதாக அடங்காத நிலைகளும் உண்டு. சிறுநீர்த் தொற்றுக்குத் தரப்படும் ட்ரைமெதோபிரிம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் வெளியேறும் வழியை ஓரளவு அடைக்கும். சிறுநீரகம் கெடாமலே இரத்தத்தில் அதன் அளவு ஏறும். தொண்டைக்காக நாளாந்தம் அதிமதுரம் அவித்துக் குடிப்பவருக்குப் பொட்டாசியம் மெய்யாகவே இறங்கும், இரத்த அழுத்தமும் ஏறும். அதை மருந்து என்று யாரும் எண்ணுவதில்லை. ஆகவே மருத்துவர் வேறு நோயைத் தேடத் தொடங்குவார்.

இப்போது தகவலின் பாதையைப் பார்ப்போம். பிரெஞ்சு மருந்தகங்களில் வழங்கப்படுபவை, 2007ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய மருந்தகக் கோவையில் பதிவாகின்றன. 2022 முதல் ‘மொன் எஸ்பாஸ் சாந்தே’ என்ற தனிநபர் சுகாதாரக் கணக்கும் இருக்கிறது. ஆனால் விமானத்தில் பயணப்பெட்டிக்குள் வந்த மருந்து, நோயாளி தாமே எழுதிச் சேர்த்தாலன்றி, இவற்றில் தோன்றாது. ஊரிலிருந்து திரும்பும் மாமி கொண்டுவரும் மூன்று மாதக் குளிசைகள், சென்னையில் வாங்கிய வலிமாத்திரை, லேகியம், சூரணம் ஆகியவற்றை இந்த நாட்டின் எந்த ஏடும் அறியாது.

பாரம்பரிய மருந்துகளைக் குற்றக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று. எனினும் 2004இல் ரொபர்ட் சேப்பர் குழு, பொஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது இருந்தது. வழக்கமான இரத்தப் பரிசோதனை ஈயத்தைத் தேடுவதில்லை. அதன் விளைவான இரத்தசோகை மட்டும் தாளில் தெரியும், இரும்புக் குளிசை எழுதப்படும், காரணம் டப்பாவிலேயே இருந்துவிடும். அந்தக் காரணத்தைக் கண்டறிய உதவக்கூடிய நச்சுத் தகவல் மையம் லாசப்பலை நோக்கி ஏறும் அதே வீதியில்தான் இருக்கிறது. யாரேனும் கேட்டால்தானே டப்பா வெளியே வரும்.

சொல்லாதது நோயாளியின் தவறு என்று வாதிடுவோர் உண்டு. பிரெஞ்சுச் சட்டம் அந்த வாதத்துக்கு இடமளிக்கவில்லை. 2010 ஜனவரி 13ஆம் தேதிய ஆணை இரத்தப் பரிசோதனையை ஒரு மருத்துவச் செயலாக வரையறுத்தது. மாதிரி எடுப்பதற்கு முந்திய கட்டமும் அந்தச் செயலின் பகுதியே. அதற்குப் பொறுப்பு உயிரியல் மருத்துவருடையது. ஆகவே கேட்கும் கடமை ஆய்வுகூடத்துக்கு உண்டு. ‘மருந்து ஏதும் எடுக்கிறீர்களா?’ என்று பிரெஞ்சில் விரைந்து கேட்டு, கூட வந்த பள்ளிப் பிள்ளை ‘இல்லை’ என்று சொன்னதைக் குறித்துக்கொள்வது அந்தக் கடமையை நிறைவேற்றியதாகாது.

இதே அவசரம் இன்னோர் ஆபத்தையும் உண்டாக்குகிறது. வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், நம்மவர் சிலர் தண்ணீரையும் காலைக் குளிசைகளையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் சாப்பிடாமலே, சீனியைக் குறைக்கும் கிளிக்லசைட் போட்டுக்கொண்டு வரிசையில் நின்று, சீனி இறங்கி மயங்கும் நிலைக்குப் போகிறார்கள். எந்த மருந்தை எடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்பதைப் பரிசோதனையை எழுதித் தந்த மருத்துவரோ ஆய்வுகூடமோ முன்கூட்டியே சொல்ல வேண்டும். தைரொக்சினைப் பொதுவாக இரத்தம் எடுத்தபின் போடலாம். பரிசோதனை ‘சுத்தமாக’ வரவேண்டும் என்று பிரஷர் மருந்தையோ இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தையோ தாமாக நிறுத்துவது, பிழையான முடிவைவிடப் பெரிய தீங்கைக் கொண்டுவரலாம்.

நோயாளிக்கும் ஆய்வுகூடத்துக்கும் இடையிலான இந்தத் தகவல் இடைவெளியைக் கடக்க உதவும் பொதுமொழி ஏற்கெனவே இருக்கிறது. இலங்கையில் பேராசிரியர் செனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனம் அமைந்தது. வணிகப் பெயர்களை விலக்கி மருந்தின் மூலப்பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவருவது அவர் கொள்கையின் மையம். பிரான்சில் 2015 ஜனவரி முதல் மருத்துவர்கள் மூலப்பெயரால் எழுதுவது கட்டாயம். பனடோலும் டொலிப்ரானும் பரசிட்டமோலில் ஒன்றாகிவிடுகின்றன. யாழ்ப்பாணத்துப் பாமசியின் உறையையும் லாசப்பல் மருந்தகத்தின் பெட்டியையும் அருகருகே வைத்தால், உயிரியல் மருத்துவர் தமிழறியாமலே இரண்டையும் வாசிக்க முடியும். எல்லா அட்டைகளையும் டப்பாக்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போவது நோயாளி செய்யக்கூடியது. ஆய்வுகூடம் செய்ய வேண்டியது, தமிழில் அச்சிட்ட ஒற்றைத்தாள் படிவம் ஒன்றை முகப்பில் வைப்பது: மூலப்பெயர், அளவு, கடைசியாக எடுத்த நேரம், முடிக்கு, மூட்டுக்கு, தொண்டைக்கு என்று எடுப்பவை தனியே, அவற்றுடன், இங்குள்ள படிவங்கள் கேட்காத ஒரு கட்டம் — எந்த நாட்டில் வாங்கியது.