துண்டு முதல் கணினி வரை



பதுளைக்குப் புகைவண்டி வந்து சேர்ந்தது 1924 ஆம் ஆண்டில். அதற்கு நெடுங்காலம் முன்னரே பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹப்புத்தளை ஆகிய மலைச்சாரல்களில் தோட்டங்கள் எழுந்துவிட்டன. அங்கே உழைக்க வந்த தமிழ் மக்களின் வரலாறு வியர்வையின் வரலாறு என்பதை நாம் அறிவோம். அது ஏடுகளின் வரலாறுமாகும் என்பதை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து புறப்பட்ட தொழிலாளிக்குத் தகரச் சீட்டு ஒன்று வழங்கப்பட்டது. அவர் எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதை அதில் பொறித்த குறிகள் காட்டின. தோட்டம் வந்தபின் அவரைப் பிணித்தது 'துண்டு'. இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் அவர் ஆட்களையும் விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சிறு தாள் அது. அந்தத் தொகை எப்படி ஏறிற்று என்பதை எழுத்தறியாத தொழிலாளி சரிபார்க்க வழியில்லை. 1921 ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

ஆயினும் 'செக்ரோல்' என்னும் பெயரேடு நிலைத்தது. காலையில் பெரட்டு; மாலையில் கொழுந்து நிறுவை. கணக்குப்பிள்ளை முழுப்பேர் போட்டால் அடுப்பெரியும். அரைப்பேர் போட்டால் அரைவயிறு. ஒரு பென்சில் கீற்றிலே ஒரு குடும்பத்தின் அன்றைய வாழ்வு அடங்கியிருந்தது.

அந்த ஏட்டின் கனம் 1949 இல் இன்னும் கூடிற்று. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் உரிமையிழந்தோர், மறு ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. 1946 சனவரிக்கு முன், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து இந்நாட்டில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். சான்றோ தொழிலாளியின் கையில் இல்லை. பிறர் எழுதிய ஏடுகளில் இருந்தது. ஒரே மனிதர் ஓரேட்டில் இராமசாமி என்றும் மற்றோரேட்டில் இராமன் என்றும் பதியப்பட்டிருந்தால் அவர் யாரிடம் போய் முறையிடுவார்? ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றவர் சுமார் 1,34,000 பேரே. ஏடுகள் மட்டும் இதற்குக் காரணமல்ல. சட்டத்தின் போக்கே கடுமையானது. எனினும் கவனமற்ற ஒரு பதிவு, கடுமையான சட்டத்தின் கையில் கருவியாகிவிடும் என்பது அன்று விளங்கிற்று. நாடற்றிருந்தோர்க்கு முழுமையாக வழி திறக்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

இன்று பென்சிலின் இடத்தைக் கணினி பிடித்துவருகிறது. கணினி பொய் சொல்லாது என்பர். உண்மைதான், ஆனால் அதற்குச் சொல்லிக் கொடுத்த பொய்யை அது சலிப்பின்றித் திருப்பிச் சொல்லும். அன்று ஒரு கணக்குப்பிள்ளையின் பிழை ஒரு லயத்தைத் தாக்கிற்று; இன்று ஒரு நிரலாளரின் பிழை ஒரு நாட்டையே தாக்கக்கூடும்.

ஆகவேதான் கணினித் தொழிலர்க்கும் ஒழுக்கநெறி வகுக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவில் தோன்றிய ஏ.சி.எம். என்னும் கணினியாளர் சங்கம் தன் நெறித்தொகுப்பை 2018 இல் புதுப்பித்தது. தீங்கு தவிர்த்தல், நேர்மை, பாகுபாடின்மை, பிறர் அந்தரங்கத்தை மதித்தல் என்பன அதன் அடிப்படைகள். இலங்கையிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தம்மைப் பற்றிய பதிவைப் பார்க்கவும், பிழையைத் திருத்தக் கோரவும், இயந்திரம் தானே எடுத்த முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்கவும் அது உரிமை வகுக்கிறது. துண்டுக் காலத்துத் தொழிலாளிக்கு இல்லாமற்போனவை இவையே அல்லவா?

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் இன்று கணினி பயிலும் இளைஞர் அதை நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். தேவைக்கு மேல் விவரம் திரட்டாதிருங்கள். மக்கள் படிக்கும் மொழியில் அவர்கள் பதிவைக் காட்டுங்கள். முறையிட ஒரு மனிதரை வையுங்கள். கைபேசி வைத்திருக்கும் நமக்கும் கடமையுண்டு: அயலார் அடையாள அட்டையின் படத்தை அவர் அனுமதியின்றி அனுப்புவதும், ஆராயாத செய்தியைப் பரப்புவதும் பிழையே.

ஏட்டிலே எழுதப்படுவது எண்ணாயிருக்கலாம். அந்த எண்ணுக்குப் பின்னே ஒரு மனிதர் நிற்கிறார். அவரை மறவாதிருப்பதே இந்நெறிகளுக்கெல்லாம் வேர்.