ஆக்குவோரும் ஆடுவோரும்
மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டின் வரலாற்றில் "எதை ஆக்குவோம்?" என்னும் வினா

1

ஒரு நூலை எழுதப் புகுவோன் தன் வாசகரிடம் சென்று, "அடுத்து எதனை எழுதட்டும்?" என்று வினவுவது இலக்கிய உலகில் அரிதான செயலாகும். ஆயின் மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டு எனப்படும் துறையில் இவ்வினா மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டு வந்துள்ளது. சிலர் ஒரு மேசையைச் சூழ்ந்திருந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் யாது செய்யும் என வாய்மொழியாகக் கூற, நடுவராக அமர்ந்திருப்பவர் விதிகளையும் பகடையையும் துணைக்கொண்டு அதன் விளைவை எடுத்துரைப்பதே இவ்விளையாட்டின் அடிப்படை. இதன் விதிநூல்களை ஆக்குவோர், ஆடுவோரை நோக்கி, எதனை ஆக்க வேண்டும், எதனை நீக்க வேண்டும் எனத் தேர்ந்தெடுக்குமாறு கேட்ட சந்தர்ப்பங்கள் பல. அவ்வாறு கேட்டமை உண்மையான அதிகாரப் பகிர்வா, அன்றி விற்பனைத் தந்திரமா என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் பிரச்சினையாகும். சனநாயகம், படைப்பாற்றல், உடைமை ஆகிய மூன்றும் சந்திக்கும் இடமாதலின், விளையாட்டு வரலாறு என்ற அளவில் மட்டும் இதனை ஒதுக்கிவிடல் பொருந்தாது.

2

இவ்விளையாட்டின் மூலத்தைத் தேடுவோர் பிரஷிய நாட்டின் போர்ப் பயிற்சி ஆட்டத்தைச் சென்றடைவர். 1812இல் ரைஸ்விட்ஸ் என்பார் அமைத்த போர் மேசையை அவருடைய மைந்தர் திருத்தி, 1824இல் விதிநூலாக வெளியிட்டார். நாளடைவில் விதிகள் பெருகி ஆட்டம் மந்தமாகவே, 1876இல் வெர்டி டு வெர்னுவா என்னும் படை அதிகாரி, அட்டவணைகளைக் கைவிட்டு அனுபவமிக்க நடுவரின் தீர்ப்பையே ஆதாரமாகக் கொள்ளலாம் என எழுதினார். எழுதப்பட்ட விதிக்கும் மேசையில் வழங்கப்படும் தீர்ப்புக்குமிடையிலான இந்த இழுபறி, பின்வந்த வரலாறு முழுவதிலும் தொடர்வதைக் காணலாம்.

ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1969இல் டேவிட் வெஸ்லி என்பார் நடத்திய ஓர் ஆட்டம் திருப்புமுனையாக அமைந்தது. மினசோட்டாப் பல்கலைக்கழக நூலகத்தில் அவர் கண்டெடுத்த, 1880இல் வெளியான தொட்டன் என்பவரின் போர் ஆட்ட நூல், ஆடுவோர் எதனையும் செய்ய முயலலாம், முடிவை நடுவர் கூறுவார் என்ற கருத்தை அவருக்கு அளித்தது. நெப்போலியன் காலத்துக் கற்பனை நகரொன்றில் போர் தொடங்குமுன் நகரபிதா, பல்கலைக்கழகத் தலைவர் முதலிய தனித்தனிப் பாத்திரங்களை நண்பர்களுக்கு அவர் வழங்கினார். அவர்களோ போரை மறந்து, தத்தம் பாத்திரங்களுக்கேற்பச் சூழ்ச்சி செய்வதிலும் பேரம் பேசுவதிலும் ஈடுபட்டனர். வெஸ்லி தன் முயற்சி தோல்வியுற்றதெனக் கருதினார். ஆடியவர்களோ அதையே மீண்டும் வேண்டினர். இத்துறையின் முதலாவது தெரிவு இவ்வாறு ஆக்கியோனின் கணிப்புக்கு மாறாக ஆடியோரால் நிகழ்த்தப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அக்குழுவைச் சேர்ந்த டேவ் ஆர்னெசன் 1971இல் இம்முறையைக் கற்பனைப் பழங்கால உலகொன்றுக்கு எடுத்துச் சென்றார். விஸ்கொன்சின் மாநிலத்தவரான கேரி ஜைகாக்ஸ் அவருடன் இணைந்தார். 1974இல் "டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்" என்ற பெயரில் மூன்று சிறு நூல்கள் ஒரு பெட்டியில் அடங்க வெளிவந்தன. முதலில் அச்சிடப்பட்டவை 1000 பிரதிகளே.

3

அம்முதற் பதிப்பின் முடிவுரை, கற்பனை செய்யும் வேலையைப் பதிப்பகத்திடம் ஒப்படைக்காது தாமே செய்துகொள்ளுமாறு வாசகரைத் தூண்டியது. வாசகரும் அதனை ஏற்றனர். 1975இல் லீ கோல்ட் என்னும் பெண்மணி லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்து தொடங்கிய "அலாரம்ஸ் அன்ட் எக்ஸ்கேர்ஷன்ஸ்" என்ற தொகுப்பிதழில், ஆடுவோர் தாமே எழுதிய பக்கங்கள் சேர்த்துக் கட்டப்பட்டு அனுப்பப்பட்டன. ஒருவர் வகுத்த புதுவிதியை இன்னொருவர் அடுத்த இதழில் திருத்துவார். மூன்றாமவர் அதனை மறுப்பார். ஆக்குவோர், ஆடுவோர் என்ற பிரிவே அப்பக்கங்களில் மங்கிப் போயிற்று எனலாம்.

ஆயின் விற்பனை பெருகியபோது நிலை மாறியது. 1977 தொடக்கம் 1979 வரை வெளிவந்த "அட்வான்ஸ்ட்" பதிப்பின் நூல்கள், எல்லா மேசைகளிலும் ஒரே விதி வழங்க வேண்டும் என்ற நோக்குடன் எழுதப்பட்டன. ஒருமைப்பாட்டுக்கு நியாயம் இல்லாமலில்லை. பல ஊரவர் கூடும் போட்டிகளில் பொதுவிதி இன்றியமையாதது. எனினும் பொதுவிதியை எவர் வகுப்பது என்ற வினா அதனுடன் சேர்ந்தே எழுந்தது. முன்னர் ஆடுவோரிடம் பரவிக் கிடந்த உரிமை, ரி.எஸ்.ஆர். என்ற நிறுவனத்தின் கையிற் குவியத் தொடங்கிற்று. நிறுவனம் பின்னாளில் ஆடுவோரிடம் கருத்துக் கேட்டமையை, தான் சேர்த்துக்கொண்ட உரிமையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும் செயலாகவே நோக்குதல் வேண்டும்.

4

அத்தகைய கேள்விகளுள் நன்கு அறியப்பட்டது 1987இல் நிகழ்ந்தது. ஜைகாக்ஸ் நிறுவனத்தை விட்டு நீங்கியபின் இரண்டாம் பதிப்பை ஆக்கும் பொறுப்பு டேவிட் குக்கிடம் வந்தது. அவர் நிறுவனத்தின் சஞ்சிகையான "டிராகன்" இதழில், எவர் இறப்பது என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை வரைந்தார். விதிநூலிலுள்ள பாத்திர வகைகளுள் எவற்றை வைத்திருப்பது, எவற்றை நீக்குவது என்பதே அதன் பொருள். தன் கருத்தைச் சீண்டும் தொனியிற் கூறி வாசகரின் கருத்தை அவர் வேண்டினார். கடிதங்கள் ஏராளமாக வந்தன.

1989இல் வெளியான நூலில் கொலைஞன், துறவி ஆகிய இரு வகைகளும் இடம்பெறவில்லை; பாணன் இடம்பெற்றான். ஆனால் இம்மாற்றங்கள் யாவும் கடிதங்களின் விளைவெனக் கொள்வது பிழையாகும். 1980களில் இவ்விளையாட்டு சிறுவரைத் தீயவழியிற் செலுத்துகின்றதெனப் பெற்றோரும் சில மதக் குழுக்களும் கண்டனஞ் செய்துகொண்டிருந்தனர். பேய், பிசாசு ஆகியவற்றின் வழக்கமான பெயர்கள் புதிய பதிப்பிலிருந்து அகற்றப்பட்டன. அன்னையரின் சினத்துக்கு அஞ்சியே அவ்வாறு செய்யப்பட்டதென நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வார்ட் 1990இல் அதே சஞ்சிகையில் விளக்கினார். ஆகவே ஆடுவோரின் வாக்கு கேட்கப்பட்ட அதே வேளையில், ஆடாதவரின் வாக்கும் மறைமுகமாக எண்ணப்பட்டது. சில விடயங்களில் பின்னையதே வென்றது. "சமூகத்தைக் கேட்டோம்" என ஒரு நிறுவனம் கூறும்போது, எந்தச் சமூகத்தை, எவ்விடயத்தில் என்று வினவ வேண்டிய அவசியத்தை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

இன்னுமொன்று. அச்சிட்ட நூலில் இறந்த கொலைஞன் மேசைகளில் இறக்கவில்லை. பழைய நூலை வைத்திருந்தோர் அவனைத் தொடர்ந்து ஆடினர். வாக்கெடுப்பில் தோற்றவன் வீட்டில் வெல்லக்கூடிய தன்மை இவ்விளையாட்டுக்கு இயல்பாகவே உண்டு.

5

1997இல் ரி.எஸ்.ஆர். நிறுவனத்தை விஸார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ற் நிறுவனம் வாங்கியது. 1999இல் பின்னையதை ஹஸ்புரோ வாங்கியது. 2000ஆம் ஆண்டில் மூன்றாம் பதிப்புடன் வெளியிடப்பட்ட "திறந்த ஆட்ட உரிமம்" வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தது. விதிகளின் அடிப்படைப் பகுதியை எவரும் எடுத்து, மாற்றி, தம் நூல்களில் அச்சிட்டு விற்க அது இடமளித்தது. இது ஆடுவோரிடம் கருத்துக் கேட்பதினும் வேறானது. கருவியே அவர்தம் கையிற் கொடுக்கப்பட்டது.

இதன் விளைவு 2008இல் வெளிப்பட்டது. நான்காம் பதிப்பு பழைய விதிகளினின்றும் பெரிதும் விலகியபோது, பைசோ என்ற சிறு பதிப்பகம் மூன்றாம் பதிப்பின் விதிகளைத் திருத்தி, வரைவு நிலையிலேயே இலவசமாக வெளியிட்டு, ஆடிப் பார்த்துக் குறை கூறுமாறு அழைத்தது. அவ்வாறு உருவான "பாத்ஃபைண்டர்" 2009இல் நூலாகிப் பழைய ஆட்டக்காரர் பலரைத் தன்பால் ஈர்த்தது. உரிமம் இல்லாதிருப்பின் அதிருப்தி வெறும் முணுமுணுப்பாகவே முடிந்திருக்கும்.

இப்பாடத்தை மூத்த நிறுவனமும் கற்றுக்கொண்டது. 2012ஆம் ஆண்டு மே மாதம் முதல் ஐந்தாம் பதிப்பின் வரைவுகளைப் பொதுமக்களிடம் வழங்கி, வினாக்கொத்துகள் மூலம் கருத்தறிந்தது. 2014இல் வெளியான நூல், 175,000க்கு மேற்பட்டோர் சோதனை ஆட்டத்தில் பங்குகொண்டனரென நன்றி கூறுகின்றது. கடித முறைக்கும் இதற்குமுள்ள வேறுபாடு தொகையில் மட்டும் இல்லை. கடிதம் எழுதியோர் தாம் நினைத்ததைக் கூறினர். வரைவை ஆடியோர் தாம் அனுபவித்ததைக் கூறினர். பின்னைய சாட்சியம் வலிமை கூடியது என்பதில் ஐயமில்லை.

எனினும் வினாக்கொத்துக்கும் ஓர் எல்லையுண்டு. 2022இல் தொடங்கிய அடுத்த சுற்றில், 70 வீதத்துக்கு மேல் திருப்தி பெற்ற அம்சமே தொடர்ந்து வளர்க்கப்படும் என வடிவமைப்பாளர் ஜெரமி குரோஃபோர்ட் பகிரங்கமாக விளக்கினார். அச்சுற்றில் ஆர்ட்லிங் என்னும் விலங்குத் தலையுடைய புதிய இனம் முன்வைக்கப்பட்டு, ஒருமுறை திருத்தப்பட்டு, பின் கைவிடப்பட்டது. 2024இல் வெளியான நூலில் அதற்கு இடமில்லை. பழகியதற்கு மதிப்பெண் இலகுவிற் கிடைக்கும். புதியதோ விளங்கிக்கொள்ளப்படுமுன்பே அளவுகோலின்முன் நிறுத்தப்படுகின்றது. பெரும்பான்மை சிறந்த திருத்துநராகலாம், தோற்றுநராதல் அரிது. 1969இல் வெஸ்லி தன் நண்பருக்கு முற்கூட்டியே வினாக்கொத்து வழங்கியிருப்பின், அவர்கள் இன்னொரு நெப்போலியப் போரையே கேட்டிருப்பர் எனக் கருத இடமுண்டு.

6

பணத்தால் வாக்களிக்கும் முறையும் இக்காலத்தில் வேரூன்றியது. 2009இல் தொடங்கப்பட்ட கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதிதிரட்டும் அமைப்பின் மூலம், ஆக்குவோர் தம் திட்டத்தை முன்வைக்க, விரும்புவோர் முன்பணம் அளித்தனர். 2012ஆம் ஆண்டின் இறுதியில் ஈவில் ஹற் நிறுவனம் "ஃபேற் கோர்" என்ற விதிநூலுக்காக 3,000 டொலர் வேண்டிற்று. 10,103 பேர் 433,365 டொலர் வழங்கினர். தொகை ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் இன்ன நூல் சேர்க்கப்படும் என்ற வாக்குறுதியின்வழி, சுருக்கப் பதிப்பும் பல கற்பனை உலகங்களும் பிறந்தன. பெரிய நிறுவனம் ஏற்கத் துணியாத ஆக்கங்களுக்கு இம்முறை வாழ்வளித்தது. ஆயினும் பணமில்லாதவனின் விருப்பம் இங்கு எண்ணப்படுவதில்லை என்பதையும், தெரிவுகளின் பட்டியலை எழுதுபவன் ஆக்குவோனே என்பதையும் மறத்தலாகாது. பட்டியலிலுள்ளவற்றுள் ஒன்றைச் சுட்டுவது தெரிவு; பட்டியலையே எழுதுவது அதிகாரம்.

7

இவ்வேறுபாடு 2023ஆம் ஆண்டு சனவரியில் கூர்மையாக வெளிப்பட்டது. 2000ஆம் ஆண்டின் திறந்த உரிமத்தைச் செல்லாததாக்கி, ஆண்டுக்கு 750,000 டொலருக்கு மேல் வருவாய் பெறுவோரிடம் உரிமைப்பங்கு கோரும் புதிய வரைவொன்று கசிந்தது. எதிர்ப்பு மூண்டது. ஆடுவோர் பலர் நிறுவனத்தின் இணையச் சேவைக்கான சந்தாவை நிறுத்தினர். பைசோவும் வேறு பதிப்பகங்களும் பொதுவான புதிய உரிமமொன்றை ஆக்கப்போவதாக அறிவித்தன. அதன்பின்னரே நிறுவனம் திருத்திய வரைவை வெளியிட்டு, விளையாட்டு விதிகளுக்குச் செய்தது போன்றே வினாக்கொத்தையும் வழங்கிற்று. 15,000க்கு மேற்பட்டோர் விடையளித்தனர். அப்புதிய உரிமத்தின்கீழ் நூல் வெளியிட விரும்பவில்லை என 88 வீதத்தினர் கூறினர். சனவரி 27ஆம் திகதி நிறுவனம் தன் திட்டத்தைக் கைவிட்டதுடன், அடிப்படை விதிகளை மீளப் பெறமுடியாத பொது உரிமமொன்றின்கீழ் வெளியிட்டது.

இவ்வெற்றியை வினாக்கொத்தின் வெற்றியெனக் கூறல் தகுமா? விடையளித்தோர் விலகிச் செல்லக்கூடியவராயிருந்தனர். செல்வதற்கு வேறிடமும் இருந்தது. பழைய நூல்கள் கையிலிருந்தன, போட்டிப் பதிப்பகங்கள் அழைத்தன, விதிகளை மாற்றியமைக்கும் ஆற்றல் ஆயிரக்கணக்கானோரிடம் வளர்ந்திருந்தது. வினாக்கொத்து அந்த வலிமையை எண்ணிக்கையிற் காட்டியதேயன்றி, அதனைத் தோற்றுவிக்கவில்லை.

8

இதுகாறும் நோக்கியவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். ஆடுவோரிடம் எதை ஆக்குவதெனக் கேட்பது, ஆக்குவோனை அவனது பொறுப்பினின்றும் விடுவிப்பதில்லை. தான் நம்பும் ஒன்றை முன்வைக்காது வெறும் பட்டியலை மட்டும் நீட்டுபவனுக்கு, ஏற்கெனவே உள்ளதன் நகலே விடையாகக் கிடைக்கும். அதே வேளையில், கேளாது ஆக்கும் நிறுவனம் மேசையில் உண்மையில் நிகழ்வதை அறியாது போகும். இரண்டுக்கும் நடுவே பயன்மிக்கதெனத் தோன்றுவது, ஆடிப் பார்க்கத்தக்க வரைவொன்றை முன்வைத்து, அதன்மீது சாட்சியம் கோரும் வழியேயாகும்.

இவற்றினும் முதன்மையானது மீளாக்கும் உரிமை. ஆடுவோர் விதியைத் தாமே மாற்றிக்கொள்ளும் உரிமையுடையோராய் இருக்கும்போதே, "எதைத் தெரிவீர்?" என்ற கேள்வி பொருள்பெறுகின்றது. அவ்வுரிமை அற்றவிடத்து, அது உபசார வார்த்தையாகச் சுருங்கிவிடும். கருத்துக் கேட்கும் வழக்கம் அரசியலிலும் கல்வியிலும் கலையிலும் பரவிவரும் இக்காலத்தில், விடையளிப்போர் தம் விடை ஏற்கப்படாவிடின் செய்யக்கூடியது யாது என்பதைக் கொண்டே அவ்வழக்கத்தின் பெறுமதியை அளத்தல் வேண்டும்.