இரண்டு கந்தோர், ஒரு கொப்பி

நாற்பது பவுண் வாங்குவதற்கு முதலில் ஆயிரம் பவுண் காட்டவேண்டும். 1980களில் பிரிட்டனில் வேலையில்லாக் காசை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்க நினைத்தவருக்கு அரசாங்கம் வைத்த முதற் சோதனை இது. எண்டர்பிரைஸ் அலவன்ஸ் என்பது அந்தத் திட்டத்தின் பெயர். கிழமைக்கு 40 பவுண், 52 கிழமைக்குக் கிடைக்கும். விண்ணப்பிக்கிறவர் உதவிப்பணத்தில் இருக்கவேண்டும். 13 கிழமையாவது வேலையில்லாமல் இருந்திருக்கவேண்டும், பின்னர் அது 8 கிழமையானது. கிழமைக்கு 36 மணிநேரமாவது தொழிலில் நிற்கவேண்டும். முதலீட்டுக்கு 1,000 பவுண் இருக்கவேண்டும்.

வேலையில்லாதவர் ஆயிரம் பவுணுக்கு எங்கே போவார்? எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள் சீட்டைக் கழித்து எடுத்தார்கள். மச்சானிடமும் சித்தப்பாவிடமும் கைமாற்று வாங்கி வங்கியில் போட்டு, கூற்றைக் காட்டிவிட்டு அடுத்த கிழமையே திருப்பிக் கொடுத்தார்கள். ஆங்கிலேய இளைஞர்களும் இதையேதான் செய்தார்கள். லண்டன் ஈஸ்ட்ஹாமில் சிறு தொழில்காரருக்குக் கணக்கு எழுதுவது என் தொழிலாக இருந்ததால், அந்த ஆயிரத்துக்குப் பின்னால் நடந்தவற்றை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பணத்தைப் புரட்டுவது அவர்களுக்குப் பெரிய கஷ்டமாக இருக்கவில்லை. கொப்பி எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது.

1982 ஜனவரியில் பிரிட்டனில் வேலையில்லாதோர் தொகை 30 லட்சத்தைத் தாண்டியது. அந்த ஆண்டே இந்தத் திட்டம் சில ஊர்களில் பரீட்சித்துப் பார்க்கப்பட்டு, 1983இல் நாடு முழுவதற்கும் வந்தது. நடத்தியது மேன்பவர் சேர்விசஸ் கமிஷன். தட்சர் அரசின் நோக்கங்களில் வேலையில்லாதோர் புள்ளியைக் குறைப்பதும் ஒன்று என்று அப்போதே பலர் குற்றஞ்சாட்டினார்கள். ஆனால் பலன் இல்லாமற் போகவில்லை. மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் இதனால் தொழில் தொடங்கினார்கள். கிரியேஷன் ரெக்கோர்ட்ஸ் நடத்திய அலன் மக்கீ, ஓவியர் டிரேசி எமின், நியூகாசிலில் விஸ் என்ற சித்திரக்கதைச் சஞ்சிகையை நடத்திய கிறிஸ் டொனால்ட் எல்லோரும் இந்த நாற்பது பவுணை வாங்கியவர்கள்தான்.

எங்கள் பக்கத்தில் புகழ்பெற்றவர் யாருமில்லை. இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்து, தற்காலிக வதிவிட அனுமதியோடு இருந்த பொடியன்கள்தான். தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்தால் அவர்கள் நேரே சோசல் காசுக்கு வந்துவிடுவார்கள். அங்கிருந்து கிளம்பியவர்களில் கலியாண வீட்டுக்கு வீடியோ பிடிக்கிறவர் இருந்தார், மினிகாப் ஓட்டுகிறவர் இருந்தார், தையற்காரர் இருந்தார்.

உதவிப்பணக் கந்தோர் கிழமைக் கணக்கில் இயங்கியது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை போய்க் கையெழுத்து வைப்பவர் அந்த இரண்டு கிழமைக்கு மட்டுமே பதில் சொன்னால் போதும். வரிக் கந்தோர் ஏப்ரல் 6இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5இல் முடியும் ஆண்டுக் கணக்கில் இயங்கியது. கிழமைக் கணக்கில் வாழப் பழகியவரைத் திடீரென்று ஆண்டுக் கணக்குக்குள் கொண்டுபோய் விட்டால் அவர் தடுமாறுவார். அது அவருடைய குற்றமில்லை.

பலர் அறியாத ஒன்று, 1982 ஜூலை முதல் வேலையில்லாக் காசும் வருமானவரிக்கு உட்பட்டது என்பது. அந்தக் காசை விட்டு விலகும்போது உதவிப்பணக் கந்தோர் பி45 என்ற படிவம் ஒன்று கொடுக்கும். அந்த வரியாண்டில் பெற்ற தொகை அதில் இருக்கும். "இனி அந்தக் கந்தோரோடு எனக்கு என்ன வேலை" என்று அதைக் கிழித்துப் போட்டவர்களைத் தெரியும். ஆனால் ஒக்டோபரில் தொழில் தொடங்கியவருக்கு அந்த வரியாண்டில் மூன்று விதமான காசு சேரும்: ஒக்டோபர் வரை வாங்கிய உதவிப்பணம், அதன்பின் வந்த நாற்பது பவுண்கள், தொழிலின் லாபம். மூன்றையும் சேர்த்தே வரிவிலக்குத் தொகையோடு ஒப்பிடவேண்டும். அந்தப் பி45 இல்லாவிட்டால் கணக்கின் முதல் வரியே எழுதமுடியாது.

அடுத்து, முத்திரை. சொந்தத் தொழில்காரர் கிழமைக்கு ஒரு தேசியக் காப்புறுதி முத்திரை வாங்கி அட்டையில் ஒட்டவேண்டியிருந்தது. இரண்டாம் வகுப்பு முத்திரை என்பார்கள். தபாற்கந்தோரில் விற்றார்கள்; 1993 வரை அந்த அட்டை இருந்தது. ஓய்வூதியத்துக்கும் நோய்க்கால உதவிக்கும் அது சென்றது. வேலையில்லாக் காசுக்குச் செல்லவில்லை. 1911ஆம் ஆண்டுச் சட்டம் கப்பல் கட்டல், பொறியியல், கட்டடம் போன்ற சில தொழில்களுக்குக் கிழமைக்கு 7 ஷில்லிங் கொடுக்கத் தொடங்கியபோது, வேலை போவதென்றால் முதலாளி நிறுத்துவது என்றே கொண்டார்கள். 1948இல் தேசியக் காப்புறுதி எல்லோருக்கும் விரிந்தபோதும் தனித் தொழில்காரர் அந்த ஓர் உரிமைக்கு வெளியிலேயே வைக்கப்பட்டார். தொழில் படுத்தால் முத்திரையைக் காட்டி அந்தக் காசுக்குத் திரும்ப வழியில்லை; சொத்துவருமானம் பார்த்துக் கொடுக்கும் சோசல் காசுதான் மிச்சம். முத்திரை ஒட்டும்போது இதை யாராவது சொல்லியிருக்கவேண்டும்.

இனி, நான் அதிகம் விளக்கவேண்டியிருந்த விஷயம். தையற்காரர் ஒருவர் 1986 ஒக்டோபர் 6இல் தொழில் தொடங்கினார் என்று வைப்போம். முதல் பன்னிரண்டு மாதத்தில் லாபம் 3,600 பவுண். ஷெடியூல் டி என்ற அந்நாளைய வரிவிதிப்படி, முதல் வரியாண்டுக்கு ஏப்ரல் 5 வரையான பாதி, 1,800. இரண்டாம் வரியாண்டுக்கு முதல் பன்னிரண்டு மாத லாபம் முழுவதும், 3,600. மூன்றாம் வரியாண்டுக்கு, முந்திய ஆண்டில் முடிந்த கணக்கே அடிப்படை என்பதால் மறுபடியும் அதே 3,600. உழைத்தது 3,600, மூன்றாண்டில் வரிக்கு எடுத்த தொகை 9,000. பின்னாண்டுகளில் லாபம் குறைந்தவர் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளை உண்மை லாபத்தின்படி மாற்றக் கேட்கலாம். தொழிலை மூடும்போது சில மாத லாபம் கணக்கிலிருந்து விழும். ஆனால் முதலாண்டுக் கணக்கு மூன்று ஆண்டின் தலைவிதியை எழுதியது. நாற்பது பவுணையும் லாபத்தோடு சேர்த்தால் அதுவும் இப்படிப் பெருகும் என்பதால்தான், சட்டம் பின்னர் அதைத் தனித் தலைப்புக்கு மாற்றி ஒரே தடவை வரி எடுத்தது.

சாரிச் சட்டையும் பாவாடையும் தைக்கிற ஒருவர் என்னிடம் சப்பாத்துப் பெட்டி ஒன்று கொண்டுவந்தார். உள்ளே நூல்கண்டு, சிப், ஊசி வாங்கிய துண்டுகள், பஸ் டிக்கெட்டுகள், கிறீன் ஸ்ட்ரீட்டில் துணி வாங்கிய பில்கள். பாதியில் மை மங்கிவிட்டது.

"அக்கா, இந்தத் துண்டெல்லாம் வேணுமோ? பெரிசை மட்டும் எடுத்தால் காணாதோ?"

"எல்லாம் வேணும் தம்பி. இந்த வருசம் பத்துப் பவுண் துண்டு துலைஞ்சால், வரிக்கணக்கில உமக்கு இருபத்தஞ்சு பவுண் கூடும்."

அதற்குப் பிறகு அவர் ஒரு நீளக் கொப்பி வாங்கினார். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. ஒவ்வொரு துண்டிலும் ஓர் இலக்கம், அதே இலக்கம் கொப்பியிலும். ஓவர்லொக் மெஷினுக்குத் தனிப் பக்கம், ஏனென்றால் அது மூலதனம், நாளாந்தச் செலவில்லை. வீட்டு மின்கட்டணத்தில் தையலறைக்கு எவ்வளவு, எப்படிப் பிரித்தது என்பதையும் பென்சிலால் எழுதினார். அவருடைய எழுத்து இன்னும் என் நினைவில் இருக்கிறது. ஏழுக்குக் குறுக்குக் கோடு போடுவார்.

கொப்பி இல்லாதவருக்கு என்ன நடந்தது? வரி இன்ஸ்பெக்டர் தன் மதிப்பில் ஒரு தொகை எழுதி அனுப்புவார். 30 நாளுக்குள் ஆட்சேபிக்காவிட்டால் அதுவே முடிந்த முடிவு. ஆட்சேபித்தாலும், அந்தத் தொகை பிழை என்று நிறுவவேண்டியவர் வரிகட்டுகிறவர்தான். எழுதாதவருடைய வருமானத்தை அரசாங்கம் எழுதும் என்பதே இந்த வரலாறு முழுவதிலும் நான் கண்ட விதி. 1990இல் ஆண்டு வரவு 10,000 பவுணுக்குக் கீழ்ப்பட்டவர்கள் வரவு, செலவு, லாபம் என்று மூன்று வரியில் கணக்குக் கொடுத்தால் போதும் என்றார்கள். நல்ல சலுகை. ஆனால் அந்த மூன்று வரிக்குப் பின்னால் கொப்பி இருந்தேயாக வேண்டும்.

1996இல் இரண்டு கந்தோரும் மாறின. ஒக்டோபரில் பழைய வேலையில்லாக் காசு போய் ஜொப்சீக்கர்ஸ் அலவன்ஸ் வந்தது. அந்த ஏப்ரலில் தொடங்கிய வரியாண்டிலிருந்து, வரிகட்டுகிறவரே தன் கணக்கைக் கொடுக்கும் செல்ஃப் அசெஸ்மென்ட் வந்தது. ஒரே லாபத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கும் பழைய முறை ஒழிந்தது. பதிலுக்கு, கணக்கைப் பேணுவது சட்டக் கடமையானது. படிவம் கொடுக்கும் ஜனவரி 31இலிருந்து ஐந்தாண்டுக்குத் துண்டுகளை வைத்திருக்கவேண்டும். புதிதாக வந்த பொறி, முற்பணம். இன்றைய விதிப்படி முதல் வரி 1,200 பவுண் என்றால், அடுத்த ஆண்டுக்கு முற்பணமாக அதில் பாதியையும் சேர்த்து அந்த ஜனவரியில் கட்டவேண்டியது 1,800. ஜூலையில் இன்னொரு 600. உதவிப்பணத்திலிருந்து அப்போதுதான் தலைநிமிர்ந்தவருக்கு அந்த ஜனவரி மிகக் கொடியது. வரவில் ஒரு பங்கை வேறு வங்கிக் கணக்கில் ஒதுக்கி வைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

2011இல் நியூ எண்டர்பிரைஸ் அலவன்ஸ் என்று பழைய பெயர் திரும்பி வந்தது: முதல் 13 கிழமையும் கிழமைக்கு 65 பவுண், அடுத்த 13 கிழமையும் கிழமைக்கு 33 பவுண். 2013இல் யூனிவர்சல் கிரெடிட் என்ற புதிய உதவிப்பணம் வந்தது. அதைப் பெறும் தனித் தொழில்காரர் இப்போது மாதாமாதம் வரவு செலவை அறிவிக்கிறார். அதே வரவு செலவை ஆண்டுக்கொருமுறை வரிக் கந்தோருக்கும் கொடுக்கிறார். ஓராண்டுத் தொடக்க காலம் முடிந்தபின், அவர் ஒரு மாதம் எவ்வளவு குறைவாக உழைத்தாலும், பெரும்பாலானோருக்குக் கிழமைக்கு 35 மணிநேரக் குறைந்தபட்சக் கூலிக்கு ஒப்பான ஒரு தொகையை உழைத்ததாகவே கணக்கெடுக்கிறார்கள்.

இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். 1986இல் இன்ஸ்பெக்டரின் ஊகத்தை ஒரு கொப்பியால் வெல்ல முடிந்தது. இன்று மார்கழியில் நிறையத் தைத்து மாசியில் ஒன்றும் தைக்காத ஒருவர், மாசிக் கணக்கை எவ்வளவு ஒழுங்காகக் காட்டினாலும் அந்த ஊகம் அசையாது. ஒழுங்காக எழுதப்பட்ட கணக்குக்கு முன்னால் ஊகம் வழிவிட வேண்டும். மாத ஏற்ற இறக்கத்தை ஆண்டோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச் முதல் 2021 ஜூலை வரை, இந்த விதியை நிறுத்தி வைத்தார்கள். நிறுத்த முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

விதி மாறும்வரை என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். கடைசி உதவிப்பணம் வந்த தேதியைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். தொழில் தொடங்கிய தேதியை அடுத்த வரியில் எழுதுங்கள். காசு கைக்கு வந்த நாளையும் கையைவிட்டுப் போன நாளையும் அன்றன்றே பதியுங்கள். மாதக் கணக்குக்கும் ஆண்டுக் கணக்குக்கும் அந்த ஒரே பதிவு உதவும். கந்தோர் கேட்குமுன் எழுதிய கணக்குக்கு உள்ள மதிப்பு, கேட்டபின் எழுதும் கணக்குக்கு இல்லை.