நான்கு நிலத்துண்டுகளும் ஒரு மேகத்தளமும்: புதுச்சேரி

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு நிலப்பகுதிகளும் ஓரிடத்தில் இல்லை. காரைக்கால் புதுச்சேரி நகரத்துக்குத் தெற்கே சுமார் 130 கி.மீ. தொலைவில் உள்ளது. மாகே மேற்குக் கரையில் கேரளத்துக்குள்ளும், ஏனாம் கோதாவரிக் கழிமுகத்தில் ஆந்திரத்துக்குள்ளும் அமைந்துள்ளன. பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற இச்சிதறல் 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது. மொழியும் ஒன்றல்ல. 1965 ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை ஏற்றதோடு, மாகேயில் மலையாளத்துக்கும் ஏனாமில் தெலுங்குக்கும் இடமளித்தது.

இத்தகைய நிர்வாகம் இணையத்துக்கு வரும்போது ஒரு சிக்கல் எழுகிறது. சொந்தமாக ஒரு வழங்கியை, அதாவது சர்வரை, வைத்துக்கொண்டால் மின்சாரம், காப்புநகல், பாதுகாப்புத் திருத்தம் அனைத்தையும் பார்க்க ஆள் வேண்டும். சுமார் 9 சதுர கி.மீ. பரப்புள்ள மாகேக்கு அது கட்டுப்படியாகாது.

உலக அளவில் இதற்கு விடை முன்பே உருவாகியிருந்தது. 2007 இல் தொடங்கிய ஹெரோக்குவும், 2008 இல் வந்த கூகுள் ஆப் எஞ்சினும் நிரலை மட்டும் வாங்கிக்கொண்டு, அதை இயக்கும் பொறுப்பைத் தாமே ஏற்றன. இந்தியாவில் தேசியத் தகவலியல் மையம் 2014 பிப்ரவரியில் 'மேகராஜ்' திட்டத்தின் கீழ் அரசு மேகச் சேவையைத் தொடங்கியது. அரசு இணையத்தளங்களுக்காக அம்மையம் உருவாக்கிய எஸ்3வாஸ் இன்னும் ஒரு படி மேலே சென்றது. இதில் நிரலே எழுத வேண்டியதில்லை. அலுவலர் ஒரு வார்ப்புருவைத் தேர்ந்து உள்ளடக்கத்தை நிரப்பினால் போதும். புதுச்சேரி மாவட்டம், காரைக்கால், மாகே, ஏனாம் ஆகியவற்றின் தளங்கள் இதில்தான் இயங்குகின்றன.

பாதுகாப்பு ஓட்டை ஒன்று தெரியவந்தால் மையத்தில் ஒருமுறை அடைத்தால் போதும்; எல்லாத் தளங்களுக்கும் அது பொருந்தும். பார்வையற்றோரின் திரைவாசிப்பானுக்கு ஏற்ற அமைப்பும் வார்ப்புருவோடு சேர்ந்தே வருகிறது. இழப்பும் உண்டு. பிரெஞ்சுக் காலத் தெருக்களைக் கொண்ட நகரத்தின் தளம் நாட்டின் வேறெந்த மாவட்டத் தளத்தையும் போலவே தோற்றமளிக்கிறது. உள்ளூர் நிரலாளர் ஒருவர் புதிய வசதியைச் சேர்க்க விரும்பினாலும் தளம் வகுத்த எல்லைக்குள்தான் செய்ய முடியும். மையத்தில் பழுது ஏற்பட்டால் அது எல்லோரையும் ஒருசேரத் தாக்கும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. அப்படிப்பட்ட இரவில் நகர அலுவலக மூலையில் வைத்த வழங்கியை நம்ப முடியாது. வேறோர் ஊரின் தரவு மையத்திலுள்ள பக்கம் திறக்கும். ஆனால் எந்தத் தெருவில் வெள்ளம், எந்தப் பள்ளியில் முகாம் என்பதை அதில் ஏற்ற வேண்டியவர் வெள்ளம் சூழ்ந்த அந்த நகரத்தில்தான் இருப்பார்.